தொழிலதிபர் உபாலி விஜேவர்தன

எமது ஒருகொடவத்தைக் கடைகளிலே கண்டோஸ் சொக்லேட் வாங்கிச் சுவையாத சிறுவர் அரியர். அப் பெயரைக் கடல் கடந்தும் கொண்டு சென்ற உபாலி விஜேவர்தன அவர்களின் வரலாற்றைச் சங்க வாலிபர் அறிதல் நன்றெனக் கருதி இதனை வரைகின்றோம்.

அன்னார் 1938 ஆம் ஆண்டு பெப்ரவரி 17 ஆம் நாள் பிறந்தார். செல்வக் குடி, ஆதலின் வறுமையில் தொடங்கி வாழ்ந்த கதையை இவரிடம் தேடுதல் வீண். றோயல் கல்லூரியிலும், பின் கேம்பிரிட்ஜிலும் பயின்று மீண்டு, லீவர் பிறதர்ஸ் கம்பெனியில் உத்தியோகம் ஏற்றார். அக்காலத்தில் அத்தகைய உத்தியோகத்தை விட்டு விலகுவார் யார்? இவர் விலகினார்; விலகி டெல்டா டொபி செய்து விற்கலானார்!

கண்டோஸ் அவர் தொடங்கியதன்று. உறவினரிடமிருந்த சொக்லேட் கம்பெனியைத் தம் கையில் எடுத்தே அதனை வளர்த்தார். யந்திரமும் பழகிய தொழிலாளரும் ஏற்கெனவே உள்ள சாலையை ஏற்று நடத்துவது, வெறுநிலத்திற் புதியதைக் கட்டுவதிலும் விரைவானதன்றோ? 1977 வரை இறக்குமதி கடுமையாய்க் கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால் பிறநாட்டுச் சொக்லேட்டின் போட்டியும் குறைவு. அந்த நிழலிலே அவர் சுகமாய் இருந்திருக்கலாம். ஆனால் மாத்தளை, கண்டி, குருநாகல் பகுதிகளில் விளையும் கொக்கோ சிறிதளவே. மலேசியாவிலோ அந்நாளிற் கொக்கோத் தோட்டங்கள் பெருகி வந்தன. மூலப்பொருள் மலிந்த இடத்துக்கே தொழிலைக் கொண்டு சென்றார். மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளிலும் அவர் முயற்சிகள் கிளைத்தன. இலங்கையர் ஒருவர் பன்னாட்டுத் தொழில் நடத்துவது அன்று புதுமை.

நிற்க. மோட்டார் வண்டி பொருத்துதல், வானொலிப் பெட்டி, பந்தயக் குதிரை என அவர் கை வையாத துறை சிலவே. 1978 இல் பெரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழுவின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1981 இல் ‘திவயின’, ‘ஐலன்ட்’ பத்திரிகைகளைத் தொடங்கினார். அவர் துணிவை மெச்சுகின்றோம். எனினும் இத்தனை தொழிலும் ஒருவர் தலையிலே தங்கியதை எம்மால் மெச்ச இயலவில்லை.

1983 பெப்ரவரி 13 அன்று கோலாலம்பூரிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட அவரது சொந்த விமானம் மலாக்கா நீரிணைக்கு மேல் மறைந்தது. உடன் ஐவர் இருந்தனர். கடலெல்லாம் தேடியும் ஒருவர் உடலேனும் கிடைத்திலது. அன்னாருக்கு நாற்பத்தைந்து வயது நிறைய நான்கு நாட்களே இருந்தன.