டாக்டர் சௌந்தரம் அம்மையார்

எமது வீதிகளில் ஓடும் டி.வி.எஸ். மோட்டார் சைக்கிள்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்நிறுவனத்துக்கு வித்திட்ட சுந்தரம் ஐயங்காரின் மகளே டாக்டர் சௌந்தரம் அம்மையார்.

செல்வர் வீட்டுப் பிள்ளையாக இருந்தும் துன்பம் அவரை விட்டுவைக்கவில்லை. சிறுவயதிலேயே திருமணம் செய்துவைத்தனர். வைத்தியரான கணவர் இளமையிலேயே காலமானார். விதவைப் பெண் வீட்டு மூலையில் ஒதுங்கியிருக்க வேண்டுமென்று ஊர் எதிர்பார்த்த காலம் அது. சௌந்தரமோ புத்தகத்தைக் கையிலெடுத்தார். பெற்றோரும் துணைநின்றனர். டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் கற்று 1936இல் வைத்தியப் பட்டம் பெற்றார்.

டில்லியில் சுசீலா நய்யார் மூலம் காந்தியடிகளின் தொடர்பு கிடைத்தது. காந்தியத் தொண்டரான ஜி. ராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது, சாதியும் மொழியும் வேறென்று வீட்டில் மறுத்தனர். ஓராண்டு பிரிந்திருந்து மனவுறுதியைச் சோதித்துப் பார்க்கும்படி காந்தியடிகள் கூறினார். அவ்வாறே காத்திருந்து 1940இல் மணந்துகொண்டனர்.

நகரில் வைத்தியம் பார்த்திருந்தால் பேரும் பணமும் தேடி வந்திருக்கும். அம்மையாரோ திண்டுக்கல்லுக்கு அருகே, நெசவாளர் வாழும் சின்னாளபட்டியைத் தேர்ந்தெடுத்தார். அங்கு தொடங்கிய சிறு வைத்திய நிலையம் பின்னாளில் கஸ்தூரிபா வைத்தியசாலையாக வளர்ந்தது. 1947இல் கணவனும் மனைவியுமாகக் காந்திகிராமத்தை நிறுவினர்.

நோயாளியைக் குணமாக்கி அனுப்பினால் போதுமா? சுத்தமான நீரும் கழிப்பிடமும் இல்லாத வீட்டுக்குத்தானே அவர் திரும்பிப் போகிறார்! ஒரு வைத்தியரால் மட்டும் ஆகிற காரியமல்ல இது. கிராமத்தை அறிந்த படித்தவர்கள் நூற்றுக்கணக்கில் வேண்டும். அன்றைய பட்டப்படிப்புகளோ கிராமத்துப் பிள்ளையையும் நகரத்து அலுவலகத்துக்கே அனுப்பிவைத்தன. (இன்றும் கிராமத்துக்கு நியமனம் கிடைத்தவுடன் இடமாற்றம் கேட்டு எழுதுவோர் நம்மிடையே இல்லையா?)

1956இல் காந்திகிராமத்தில் கிராமிய உயர்கல்வி நிலையம் தோன்றியது. கிராமசேவை டிப்ளோமா மூன்றாண்டுப் படிப்பு. வகுப்பறைப் பாடத்தோடு களப்பணியும் கட்டாயம். மாணவர் சுற்றுக் கிராமங்களுக்குச் சென்று, குடும்பங்களின் நிலையறிந்து, சுகாதாரம், விவசாயம், கூட்டுறவு ஆகியவற்றில் மக்களோடு சேர்ந்து உழைத்தே கற்க வேண்டியிருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். அரச வேலைக்கு இந்த டிப்ளோமாவைப் பட்டத்துக்குச் சமமாக ஏற்றபோதிலும், மேற்படிப்புக்கு அனுமதிக்கப் பல பல்கலைக்கழகங்கள் தயங்கின. கிராமத்துக்காகப் படித்தவருக்குப் படித்தவர் என்ற மதிப்பே குறைந்தது! எனக்கு இது பெரும் அநியாயமாகவே படுகிறது.

அம்மையார் 1962இல் பாராளுமன்றம் சென்று மத்திய கல்விப் பிரதி அமைச்சராகவும் பணியாற்றினார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் கிடைத்தது. ஆயினும் அவரது நிலையம் பல்கலைக்கழகத் தகுதி பெற 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன்பின் கிராமிய அபிவிருத்தி கற்றோர் அங்கேயே பட்டம் பெற்றனர்.

1984இல் அம்மையார் மறைந்தார். சிறுமலை அடிவாரத்தில் அப்பல்கலைக்கழகம் இன்றும் இயங்குகிறது. அருகிலேயே கஸ்தூரிபா வைத்தியசாலையும் இருக்கிறது.