துப்பாக்கி வினைஞர் யோசப் மான்ரன்

உயிர்க்கொலையை வெறுப்பார் பலர் வாசிக்கும் இம்மலரிலே துப்பாக்கி செய்தவரின் சரிதம் எதற்கென்று அன்பர் சிலர் வினவக்கூடும். வேட்டையைப் புகழ்வது நம் கருத்தன்று. ஒப்பற்ற கைத்திறன் வாய்ந்த ஒருவர் முதுமையிற் பொருளிழந்து வாடிய வரலாறு மாணவர் அறியத்தக்கதென்றே இதனை எழுதத் துணிந்தோம்.

யோசப் மான்ரன் 1766ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிங்கன்சயர்ப் பகுதியிலுள்ள கிரந்தம் நகரிற் பிறந்தார். தமையனார் யோன் இலண்டனிற் பெயர்பெற்ற துப்பாக்கி வினைஞர். அவரிடந் தொழில் முதிர்ந்த இளையவர் 1789இல் டேவிஸ் வீதியிலே தனிப்பட்டறை அமைத்தார்.

அக்காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியாற் சுடுங்கால் சன்னங்கள் பெரும்பாலும் குறிக்குக் கீழே சென்றன. பறவையோ மேலெழுந்து பறப்பது. மான்ரன், இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் தகட்டை அடிப்புறத்தில் உயர்த்தி அமைத்து, 1806இல் அதற்குத் தனியுரிமை பெற்றார். அத்தகட்டின் வழியே நோக்குவோன் தன்னையறியாமலே குழல்வாயைச் சற்று உயர்த்திப் பிடிப்பான். எளிய உபாயந்தான், எனினும் அதற்கு முன் எவர்க்குந் தோன்றிற்றிலது! பைரன் பிரபு அவரது கூடத்திற் சுட்டுப் பழகினார். கேணல் பீற்றர் ஹோக்கர் அவர் துப்பாக்கிகளையே பெரிதும் போற்றினார்.

இரும்புக் கீற்றுகளை முறுக்கிச் சுற்றி, காய்ச்சி இணைத்து அடித்த குழல்கள் அவை. மெல்லிய துரு படியவிட்டுத் தூரிகையால் தேய்ப்பதைப் பன்முறை செய்தே அவற்றின் கபில நிறத்தை வருவித்தனர். இக்காலத்தில் இத்தகைய பழந்துப்பாக்கிகளை வைத்திருப்போரிற் சிலர், புதுமெருகேற்றும் ஆசையால், உப்புத்தாளிட்டுத் தேய்க்கின்றனர். குழலின் சுவர் மெலிகின்றது. சோதனை முத்திரையும் செய்தோன் பெயரும் மறைகின்றன. அத்தகைய குழலிற் புகையில்லா மருந்தையும் இட்டாற் சுடுவோனுக்கே ஆபத்து. பழமையைப் பேண விரும்புவோர் எண்ணெய் பூசித் துடைப்பதோடு அமைவது நன்று.

மான்ரனின் செல்வத்தை அழித்தவை வழக்குகளும் பிணக்குகளுமே. தாங் கண்ட பீரங்கிக் குண்டு குறித்துப் படைக்கலச் சபையோடு பிணங்கினார். சிக்கிமுக்கிக் கல்லின்றி, அடித்தால் வெடிக்கும் மருந்தினாற் சுடும் முறைக்கு அலெக்சாந்தர் போர்சைத் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் 1807இல் உரிமை பெற்றிருந்தார். அம்முறையை மான்ரனும் கையாளவே, பாதிரியார் வழக்கிட்டு வென்றார். திறமையாற் சேர்த்தது பிடிவாதத்தாற் கரைந்ததென்றே நாம் கருதுகின்றோம்.

1826இல் மான்ரன் வங்குறோத்தானார். அவர் விட்டகன்ற ஒக்ஸ்போர்ட் வீதிக் கடையிலே, முன்னர் அவரிடம் வேலைசெய்த யேம்ஸ் பேர்டி தம் தொழிலை நடத்தலானார். 1835இல் மான்ரன் காலமாகி, கென்சல் கிறீன் மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். கல்லறை வாசகத்தை எழுதியவர் ஹோக்கரே.