அரியலூர்ச் சங்குகளுக்குப் பெயர் சூட்டிய அறிஞர்

நம் பெங்களூரின் பாறையில் நத்தையும் கிடையாது, சங்கும் கிடையாது. லால்பாக் குன்றின் கல் சுமார் 300 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. ஓடுள்ள பிராணிகள் உலகில் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே அது உருவாகிவிட்டது. ஆனால் விழுப்புரம் - திருச்சி கார்டு லைனில் அரியலூர், கல்லக்குடி பக்கம் போனால் கதையே வேறு. அங்கே பூமியைத் தோண்டினால் கடல் சங்கு கிடைக்கும். சுமார் பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதி கடலாக இருந்தது. இதைச் சங்கு சங்காக ஆராய்ந்து எழுதி வைத்தவர் நம் நாட்டவர் அல்ல. அவர் பெயர் பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா.

வனக்காவலர் மகன்

இன்று செக் குடியரசில் உள்ள மொராவியாவில், 1838-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி ஸ்டோலிச்கா பிறந்தார். தகப்பனார் வனப் பாதுகாப்பு வேலை பார்த்தவர். மகன் வியன்னா சென்று நிலவியல் பயின்றார். ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் அருகே ஹியர்லாட்ஸ் என்ற மலையில் ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக்கல் உண்டு. அதில் புதைந்திருந்த கடல் நத்தைகளையும் சிப்பிகளையும் பற்றி 1861-ல் அவர் ஒரு நூல் எழுதினார். அதுவரை யாரும் அறியாத நத்தை இனங்கள் பல அதில் இடம்பெற்றன. அப்போது அவருக்கு வயது 23.

மறு ஆண்டே இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை கிடைத்து கல்கத்தா வந்து சேர்ந்தார். அத்துறையின் தலைவர் தாமஸ் ஓல்டாம் அவரிடம் பெரும் பொறுப்பொன்றை ஒப்படைத்தார்.

புது இனம் என்று சொல்வது எப்படி?

திருச்சி, அரியலூர், ஊட்டத்தூர் வட்டாரங்களை ஹென்றி பிளான்போர்டு என்பவர் ஏற்கெனவே அளந்து, சங்குகளையும் சேகரித்திருந்தார். அவற்றை இனம் பிரிப்பதே ஸ்டோலிச்காவின் வேலை.

இது சுலபமல்ல. கல்லில் ஒட்டியிருக்கும் சங்கை நுணுக்கமாகச் சுத்தம் செய்ய வேண்டும். எத்தனை சுற்று, நுனி எவ்வளவு கூர்மை, வாய் வட்டமா நீளமா, மேலே வரிகள் உண்டா, முடிச்சுகள் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் முன்பே பெயர் பெற்ற சங்குகளோடு ஒப்பிட வேண்டும். எதோடும் பொருந்தவில்லை என்றால்தான் அது புது இனம். சில வேளை ஓடு கரைந்துபோய், உள்ளே இறுகிய மண் அச்சு மட்டும் மிஞ்சியிருக்கும். அச்சைத் தனி இனமென்று நினைத்தால் ஒரே நத்தைக்கு இரண்டு பெயர் விழுந்துவிடும். தவறான பெயர் வைத்தால் பாறையின் வயதுக் கணக்கே பிசகிவிடும். ஆகவேதான் அவர் உயிருள்ள நத்தைகளின் உடலமைப்பையும் படித்தார்.

1873-க்குள் நான்கு பெருந்தொகுதிகள் முடிந்தன. நத்தைகளுக்கென்றே ஒரு தொகுதி 1867, 1868 ஆண்டுகளில் வெளிவந்தது. இடையில் 1864, 1865-ல் இமயத்தில் ஸ்பிதிக்கும், பின்னர் ஜுராசிக் பாறைகள் நிறைந்த கட்ச் பகுதிக்கும் சென்றார். ஸ்பிதியில் கிடைப்பவை, நம் வீடுகளில் பூஜையில் வைக்கும் சாளக்கிராமத்தில் காணும் அதே சுருள் பிராணிகளின் வகை. பார்வைக்கு நத்தை போல இருந்தாலும் அது கணவாய், ஆக்டோபஸ் ஆகியவற்றின் உறவு.

இமயத்தில் முடிவு

1873-ல் பிரிட்டிஷ் அரசின் தூதுக்குழு ஒன்று பார்சித் தலைமையில் மத்திய ஆசியாவின் யார்க்கண்டுக்குப் புறப்பட்டது. ஸ்டோலிச்காவும் உடன் சென்றார். திரும்பும் வழியில் காரகோரம் கணவாயைக் கடந்தபின் உயரத்தின் கொடுமை தாங்காமல் கடும் தலைவலியால் அவதிப்பட்டார். 1874 ஜூன் 19-ந் தேதி லடாக்கில் முர்கோ என்னுமிடத்தில் உயிர் நீத்தார். 36 வயது நிரம்ப மூன்று வாரமும் இல்லை. லே நகரில் அடக்கம் செய்யப்பட்டார். அரசு அங்கே நினைவுச் சின்னம் எழுப்பியது. அந்தப் பயணத்தில் அவர் திரட்டியவற்றைப் பிறர் ஆராய்ந்து நூல்களாக வெளியிட்டனர்.

நமக்கு என்ன?

அந்தச் சுண்ணாம்புக்கல்தான் இன்று அரியலூர், டால்மியாபுரம் ஆலைகளில் சிமெண்டாகிறது. பெங்களூரில் கட்டடம் கட்டும் நம்மவர் கையாளும் மூட்டையிலும் அந்தக் கடலின் தூள் கலந்திருக்கலாம். சுரங்கம் தோண்டத் தோண்டப் புதுச் சங்குகள் வெளிப்படுகின்றன; பார்ப்பாரின்றி அரைபட்டும் போகின்றன. இன்றும் அப்பகுதியில் ஒரு புதிய நத்தை இனம் கண்டதாகச் சொல்ல விரும்புவோர், ஸ்டோலிச்காவின் நூலில் உள்ள படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தே தீரவேண்டும்.

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து அன்பர்கள் ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலாம். சொந்த நிலத்தில் கிணறு வெட்டும்போது கல்லான சங்கு அகப்பட்டால் எறிந்துவிடாமல், எந்த ஊர், எத்தனை அடி ஆழம் என்று குறித்து அங்கே காட்டலாம். இடம் தெரியாத சங்கு வெறும் கல்தான். இடம் தெரிந்தால் அது சரித்திரச் சான்று.