திருப்பதியில் படித்தவர் பாரிஸில் தலைமை வகித்தார்

திருச்சானூர் வட்டாரத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் செல்வோர் ரேணிகுண்டா, புத்தூர், ஏகாம்பரகுப்பம் தாண்டியதும் முருகன் குடியிருக்கும் திருத்தணி மலையைக் காண்பார்கள். வண்டியில் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொள்வோர் பலர். அந்த ஊரில் பிறந்து, திருப்பதிப் பள்ளியில் படித்த ஒரு சிறுவன் பிற்காலத்தில் உலக நாடுகளின் கல்வி மாநாட்டுக்கே தலைமை வகித்தான் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

அவர்தான் டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். ஜனாதிபதியாக இருந்தார், பெரிய தத்துவ மேதை, செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் என்ற அளவில் அவரை எல்லோரும் அறிவர். ஏழை நாடுகளின் முன்னேற்றம் குறித்து உலகம் முதன்முதலாகக் கூடிப் பேசத் தொடங்கிய காலத்தில் அந்தச் சபைகளில் அவர் வகித்த இடம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இளமையும் வறுமையும்

1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி பிறந்தார். அன்று திருத்தணி வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. பின்னர் சித்தூர் ஜில்லாவுக்குப் போய், 1960-ல் மீண்டும் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. சுற்றுப்புறத்தில் கேட்டது தமிழ். எல்லைப் பகுதியில் வாழும் நமக்கு இது புதிதல்ல.

தகப்பனார் வீராசாமி சொற்ப சம்பளத்தில் ரெவின்யூ உத்தியோகம் பார்த்தவர். குடும்பமோ பெரிது. 1896-ல் எட்டு வயதுப் பையனைத் திருப்பதியில் ஜெர்மானிய லுத்தரன் மிஷன் நடத்திய பள்ளியில் சேர்த்தார்கள். நான்கு ஆண்டுகள் அங்கே. பிறகு வேலூர் ஊரீஸ் கல்லூரி. அதன்பின் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. பெரும்பாலும் உபகாரச் சம்பளத்தைக் கொண்டே படிப்பு நடந்தது.

தத்துவப் பாடத்தை அவர் எடுத்ததே ஒரு தற்செயல். அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவப் புத்தகங்களை இனாமாகக் கொடுத்தார். புத்தகம் வாங்கக் காசில்லாத மாணவனுக்கு அதுவே பாடமாயிற்று. ஓர் ஏழைப் பையனுக்குச் சமயத்தில் கிடைத்த நாலு பழைய புத்தகம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

1909-ல் சென்னை ராஜதானிக் கல்லூரியில் ஆசிரியரானார். 1918-ல் மைசூர் மகாராஜா கல்லூரி. 1921-ல் கல்கத்தா சர்வகலாசாலையில் ஐந்தாம் ஜார்ஜ் தத்துவப் பேராசிரியர் பதவி வந்தது. மைசூரை விட்டுப் புறப்பட்ட அன்று மாணவர்கள் சாரட்டு வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாங்களே இழுத்து ரயிலடி வரை கொண்டுபோய் விட்டார்கள்.

ஜெனிவா சபையில்

1926-ல் ஆக்ஸ்போர்டிலும் ஹார்வர்டிலும் பேசிய பிறகு வெளிநாடுகளில் அவர் பெயர் பரவியது. 1931-ல் வால்டேர் ஆந்திர சர்வகலாசாலையின் துணைவேந்தரானார். அதே ஆண்டு, சர்வதேச சங்கம் அமைத்திருந்த அறிவுத்துறை ஒத்துழைப்புக் கமிட்டியில் அங்கத்தினரானார். ரேடியம் கண்டறிந்த கியூரி அம்மையாரும் கில்பர்ட் மரே போன்ற ஐரோப்பிய அறிஞர்களும் இருந்த கமிட்டி அது.

எல்லாம் பெரிய பெயர்கள். ஆனால் கையில் பணமோ அதிகாரமோ கிடையாது. நாடுகள் படை திரட்டின; அறிஞர்கள் கூடிப் பேசிக் கலைந்தார்கள். 1939-ல் உலக யுத்தம் மூண்டது. பேச்சு மட்டும் போதாது என்ற பாடத்தை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

யுனெஸ்கோ பிறந்தது

யுத்தம் முடிந்த 1945-ஆம் ஆண்டு நவம்பரில் லண்டனில் கூடிய நாடுகள் கல்வி, விஞ்ஞானம், கலாசாரம் ஆகியவற்றுக்காக ஐக்கிய நாடுகளின் ஸ்தாபனம் ஒன்றை அமைக்கத் தீர்மானித்தன. யுனெஸ்கோ என்று நாம் சொல்வது அதைத்தான். 1946 நவம்பர் 4-ல் அதன் சாசனம் அமலுக்கு வந்தபோது ஒப்புதல் அளித்திருந்தவை இருபது நாடுகளே. அவற்றுள் இந்தியாவும் ஒன்று. சுதந்திரம் வர இன்னும் ஒன்பது மாதங்கள் இருந்தன.

அந்த ஆண்டு பாரிஸில் கூடிய முதல் மாநாட்டில் இந்தியாவின் பிரதிநிதியாக ராதாகிருஷ்ணன் சென்றார். 1952 வரை யுனெஸ்கோவில் இந்தியாவின் குரல் அவருடையதே. 1948-49-ல் அதன் நிர்வாக சபைக்குத் தலைவராகவும் இருந்தார். மேல்நாட்டார் மட்டும் ஆசிரியர்களாகவும் கீழ்நாட்டார் மட்டும் மாணவர்களாகவும் இருக்கும் ஸ்தாபனம் உலக ஸ்தாபனம் ஆகாது. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் கொடுக்கவும் வாங்கவும் உரிய சம பங்காளிகள் என்பது அவருடைய நிலை. இயந்திரமும் பணமும் வந்தால் போதும், நாடு முன்னேறிவிடும் என்று அவர் கருதவில்லை. மனிதனுடைய மனமும் வளர வேண்டும் என்றார்.

கிராமத்துக்கு ஒரு பல்கலைக்கழகம்

பாரிஸில் தலைமை வகித்த அதே சமயத்தில் இந்தியாவிலும் பெரிய பொறுப்பு ஒன்று அவரிடம் வந்தது. 1948 இறுதியில் அரசாங்கம் அமைத்த சர்வகலாசாலைக் கல்விக் கமிஷனுக்கு அவர் தலைவர். டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார், ஜாகிர் உசேன், விஞ்ஞானி மேகநாத சாகா ஆகியோர் அங்கத்தினர்கள். அமெரிக்காவில் டென்னஸி நதிப் பள்ளத்தாக்குத் திட்டத்தின் முதல் தலைவராக இருந்த ஆர்தர் மார்கனும் அதில் இடம்பெற்றார். அணை, மின்சாரம், விவசாயம் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து ஒரு பிரதேசத்தையே உயர்த்த முயன்ற திட்டம் அது. நம் தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அதுவே முன்மாதிரி.

1949 ஆகஸ்டில் கமிஷன் அறிக்கை தந்தது. கல்லூரிகள் நகரத்தில் மட்டும் இருப்பதால் படித்தவன் கிராமத்தை விட்டு ஓடுகிறான்; ஆகவே கிராமச் சூழ்நிலையிலேயே, விவசாயத்தோடும் கைத்தொழிலோடும் இணைந்த பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று அது கூறியது. பல்கலைக்கழக மானியக் குழு ஏற்பட்டதும் இந்த அறிக்கையின் விளைவே.

கிராமப் பல்கலைக்கழகம் என்ற எண்ணம் முழுமையாக நிறைவேறவில்லை. 1956-ல் சில கிராமியக் கல்வி நிலையங்கள் தொடங்கப்பட்டன. திண்டுக்கல் அருகே உள்ள காந்திகிராமம் அவற்றுள் நிலைத்து நின்றது. மற்றபடி, ஊரில் படிப்பும் இல்லை, பிழைப்பும் இல்லை என்று மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர் போவது நின்றபாடில்லை. அயல் மாநிலத்தில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு அந்த அறிக்கை எதைத் தடுக்க நினைத்தது என்று விளக்க வேண்டியதில்லை.

கோதுமையும் தூதரும்

1949-ல் நேரு அவரை மாஸ்கோவுக்குத் தூதராக அனுப்பினார். தத்துவப் பேராசிரியருக்கு ஸ்டாலினிடம் என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. தூதராக இருந்துகொண்டே ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பதவியையும் வைத்திருந்ததைக் குறை கூறியவர்களும் உண்டு. ஆயினும் ஸ்டாலினை இரு முறை சந்தித்துப் பேசினார். இரு நாடுகளுக்கும் இடையே இருந்த சந்தேகம் குறைந்தது.

அது பஞ்ச காலம். 1951-ல் அமெரிக்கா 19 கோடி டாலர் கடனில் தானியம் கொடுக்கச் சட்டம் செய்தது. சோவியத் நாட்டிலிருந்தும் கோதுமை வந்தது. சோற்றுக்குப் பிறரிடம் கையேந்தும் நாடு சர்வதேச சபையில் சம மரியாதை கேட்பது எளிதல்ல. அந்தச் சங்கடத்தின் நடுவில்தான் அன்றைய இந்தியப் பிரதிநிதிகள் பேச வேண்டியிருந்தது.

1952-ஆம் ஆண்டு மாநாடு

1952 மே மாதம் அவர் துணை ஜனாதிபதியானார். அந்த ஆண்டு இறுதியில் பாரிஸில் கூடிய யுனெஸ்கோவின் ஏழாவது பொது மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அது சுலபமான நாற்காலி அல்ல.

அப்போது யுனெஸ்கோவின் டைரக்டர் ஜெனரல் மெக்ஸிகோ நாட்டு ஜேமி தோரஸ் போதே. தம் நாட்டில் கல்வி மந்திரியாக இருந்தபோது, எழுத்தறிந்த ஒவ்வொருவரும் அறியாத ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று 1944-ல் இயக்கம் நடத்தியவர். யுனெஸ்கோவுக்கு வந்த பிறகு, எழுத்தோடு சுகாதாரம், விவசாயம், வீட்டுத்தொழில் ஆகியவற்றையும் கிராம மக்களுக்குக் கற்பிக்கும் அடிப்படைக் கல்வித் திட்டத்தை விரிவாக்க முனைந்தார். 1951-ல் மெக்ஸிகோவில் அதற்கான பயிற்சி நிலையமும் திறக்கப்பட்டது.

இதற்கெல்லாம் பணம் வேண்டும். அதிகச் சந்தா கட்டும் பெரிய நாடுகள் சிக்கனம் வேண்டும் என்றன. மாநாடு அவர் கேட்ட தொகையைக் குறைத்தது. குறைந்த பணத்தில் இந்தக் காரியம் நடக்காது என்று 1952 நவம்பரில் தோரஸ் போதே ராஜினாமா செய்தார். அதே மாநாட்டில் பிராங்கோ ஆட்சியின் கீழிருந்த ஸ்பெயினைச் சேர்ப்பதா என்பதிலும் சச்சரவு, கடைசியில் சேர்த்தார்கள். அந்த நாட்களிலேயே போலந்து, ஹங்கேரி, செக்கோஸ்லோவாகியா ஆகியவை ஸ்தாபனத்தை விட்டு விலகின.

இத்தனைக்கும் நடுவே தலைமை நாற்காலியில் இருந்தவர், எழுத்தறிவு மிகக் குறைந்திருந்த ஒரு நாட்டின் துணை ஜனாதிபதி. 1951 ஜனக் கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். பாரிஸில் குறைத்த ஒவ்வொரு டாலரும் நம்மைப் போன்ற நாடுகளின் கிராமத்துத் திண்ணைப் பள்ளிகளைத் தொட்டது.

ஆனாலும் ஸ்தாபனம் உடையவில்லை. 1954-ல் சோவியத் யூனியன் சேர்ந்தது. விலகிய மூன்று நாடுகளும் திரும்பின. 1956-ல் பொது மாநாடு புதுடில்லியில், விஞ்ஞான பவனில் கூடியது. கிழக்கும் மேற்கும் ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்கான பத்தாண்டுத் திட்டம் அங்கே ஏற்கப்பட்டது. ராதாகிருஷ்ணன் பல ஆண்டுகளாக வற்புறுத்திய கருத்துக்கு அது கிடைத்த வெற்றி எனலாம்.

கடைசிக் காலம்

1962 முதல் 1967 வரை ஜனாதிபதி. பதவி முடியும் தறுவாயில், 1967 குடியரசு தினத்துக்கு முந்திய இரவு வானொலியில் பேசியபோது, நாட்டின் வளங்கள் திறமையின்றி வீணடிக்கப்படுவதை வெளிப்படையாகக் கண்டித்தார். உணவுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்த நாட்கள் அவை. தம் பெயரால் நடக்கும் அரசாங்கத்தையே ஒரு ஜனாதிபதி குறை கூறியது டில்லியில் பலருக்கு ரசிக்கவில்லை.

பிறகு சென்னை மயிலாப்பூரில் தம் வீட்டுக்கே திரும்பினார். அந்த எட்வர்டு எலியட்ஸ் சாலை இப்போது அவர் பெயரால் வழங்குகிறது. 1975 ஏப்ரல் 17-ஆம் தேதி காலமானார். அதற்குச் சற்று முன் கிடைத்த டெம்பிள்டன் பரிசுப் பணம் முழுவதும் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக்குப் போயிற்று.

2015-ல் ஐக்கிய நாடுகள் சபை 2030-க்குள் எட்ட வேண்டிய 17 வளர்ச்சி இலக்குகளை வகுத்தது. நான்காவது இலக்கு, எல்லோருக்கும் தரமான கல்வி. அதைக் கவனிக்கும் பொறுப்பு யுனெஸ்கோவிடமே இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு நூற்றுக்கு 74 ஆகிவிட்டது. அப்படியும் பேச்சு முடியவில்லை. யார் பணம் கொடுப்பது என்ற பழைய கேள்வியும் ஓயவில்லை.

ராதாகிருஷ்ணன் படித்த நாளில் திருப்பதியில் சர்வகலாசாலை கிடையாது. மேற்படிப்புக்கு வேலூரும் சென்னையும் போக வேண்டும். 1954-ல் ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகம் இங்கேயே வந்துவிட்டது. திருச்சானூரிலும் ரேணிகுண்டாவிலும் கூலி வேலை, குமாஸ்தா வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று படித்து வருகிறார்கள். அவர்களில் ஒருவனுக்குப் புத்தகம் வாங்கக் காசில்லை என்றால், அந்தப் பழைய உறவினர் செய்ததை நாமும் செய்யலாம். அதற்குப் பாரிஸ் மாநாட்டின் தீர்மானம் தேவையில்லை.