ராமாநுஜனும் பதின்மூன்று இலக்கங்களும்

3972999029388. இந்த எண்ணைக் கண்டவுடன் இது ஏதோ சர்க்கார் வரவு செலவுக் கணக்கு என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். 200 என்னும் எண்ணை முழு எண்களின் கூட்டுத்தொகையாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்ற கேள்விக்கு இதுவே விடை. 4 என்பதை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 10-க்கு 42 விதம். 100-க்கு 19,05,69,292 விதம். 200-க்கோ தொகை 3,97,299 கோடியையும் கடந்துவிடுகிறது. ஸ்ரீநிவாஸ ராமாநுஜனின் பெருமையை உள்ளபடி உணர்வதற்கு இந்த எண்ணே சிறந்த வாயில் என்பது நமது கருத்து.

1887 டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் ராமாநுஜன். தந்தை ஜவுளிக்கடைக் குமாஸ்தா. கணிதம் ஒன்றிலேயே மூழ்கி ஏனைய பாடங்களைப் புறக்கணித்ததால் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார்; எப்.ஏ. பரீட்சையிலும் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தமது முடிவுகளை எழுதியனுப்பினார். 1914-ல் கடல் கடந்து அங்கே சென்றார்.

அங்கே இருவரும் மேற்கொண்ட காரியங்களுள் தலையாயது இந்த எண் பிரிவினை ஆராய்ச்சி. ஒவ்வொன்றாக எண்ணாமல், ஒரு சூத்திரத்தின் மூலம் தொகையை அறிய அவர்கள் முயன்றார்கள். சூத்திரத்தைச் சோதிக்க வேண்டாமா? மேஜர் மக்மஹோன் என்னும் கணித நிபுணர் 1 முதல் 200 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் கையாலேயே கணக்கிட்டு ஓர் அட்டவணை தயாரித்தார். அதில் கடைசி விடை, நாம் முதலில் கூறிய பதின்மூன்று இலக்க எண். சூத்திரத்தின் எட்டு உறுப்புகளை மட்டும் கூட்டியபோது கிடைத்ததோ 3972999029388.004. ஆயிரத்தில் நான்கு பங்கே வித்தியாசம்! 1918-ல் இந்த ஆராய்ச்சி முழுமையாக வெளிவந்தது. அவ்வாண்டே ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது.

அந்த அட்டவணையையும் அவர் சும்மா விடவில்லை. 4, 9, 14 என 4-லோ 9-லோ முடியும் எண்களுக்குரிய பிரிவினைத் தொகை எப்போதும் 5-ஆல் மீதியின்றி வகுபடும் என்று கண்டார். கண்டதோடு நில்லாமல் அதை நிரூபித்தும் காட்டினார்.

நாமகிரித் தாயாரின் அருளே தமக்கு வழிகாட்டியது என்று ராமாநுஜன் நம்பினார். அந்தப் பக்தியை நாம் குறை கூறவில்லை. ஆனால் எல்லாம் தெய்வச் செயல் என்று சொல்லிக் கைகூப்பிவிட்டு, அவர் பட்ட பாட்டை மறப்பது நியாயமன்று. சிலேட்டில் எழுதி எழுதி முழங்கையால் அழித்த உழைப்பும், ஒரு முடிவை எண்களால் உரைத்துப் பார்க்கும் நேர்மையும் அவருடைய சொந்தச் சொத்துக்கள்.

நோயுற்று 1919-ல் தாயகம் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னையில் காலமானார். வயது முப்பத்திரண்டே. மரணப்படுக்கையிலும் அவர் கணக்கை விடவில்லை. அவரை அதிசயப் பிறவி என்று போற்றுவது எளிது. பரீட்சையில் தோற்ற ஒரு பையனின் நோட்டுப் புத்தகத்தைப் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்பதே அவருக்கு நாம் செய்யத் தக்க மரியாதை.