ஜே.சி.குமரப்பா: காந்தியிடமே கறாராகக் கணக்குப் பார்த்த கிறிஸ்தவ ஆடிட்டர்

ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் திங்கட்கிழமை காலைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தாம்பரம், கிண்டி, எழும்பூர் என்று வேலைக்குப் போகிறவர்கள் பெட்டி வாசல் வரை நெருக்கியடித்து நிற்பார்கள். முந்தின நாள் ஆலயத்தில் பாட்டுப் பாடி, ஜெபம் செய்துவிட்டு வந்தவர்களும் அதில் இருப்பார்கள்.

ஆபீஸில் யாரும் மதம் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. எல்லா மதத்தாரும், சாமியே இல்லை என்பவர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் இடம் அது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கிறிஸ்தவரின் நம்பிக்கைக்கு என்ன வேலை? சத்தம் காட்டாமல் பைக்குள் வைத்துவிட வேண்டியதுதானா? இல்லை, நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி காட்டிக்கொள்ள வேண்டுமா?

கேள்வி புதுசு இல்லை. ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால், நல்ல சம்பாத்தியத்தில் இருந்த ஒரு தமிழ் ஆடிட்டரும் இதே கேள்விக்கு முன்னால் நின்றார். அவர் இந்த ரெண்டையும் செய்யவில்லை.

யார் இந்தக் குமரப்பா?

இயற்கை விவசாயம், கிராமப் பொருளாதாரம் பேசுகிற மேடைகளில் ஜே.சி.குமரப்பா என்ற பெயர் அடிக்கடி வரும். காந்தியப் பொருளாதாரத்தை எழுத்தில் வடித்தவர் என்ற அளவில் பலருக்கும் அவரைத் தெரியும். அவர் கடைசி வரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தவர் என்பது அந்த அளவுக்குத் தெரியாது. பெயரில் இருக்கும் ‘ஜே’ ஜோசப், ‘சி’ செல்லதுரை.

1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் பிறந்தார். அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். குடும்பத்துக்கு அப்போது கொர்னேலியஸ் என்ற பெயர். பக்தியும் படிப்பும் ஒழுங்கும் உள்ள வீடு. மேற்கத்திய உடையும் ஆங்கிலப் பேச்சும் அந்தக் காலத்து வசதியான கிறிஸ்தவக் குடும்பங்களில் சாதாரணம். இளைஞர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸும் அப்படித்தான் வளர்ந்தார்.

லண்டனுக்குப் போய் கணக்குத் தணிக்கை படித்தார். அங்கேயே கொஞ்ச காலம் வேலையும் பார்த்தார். பிறகு ஊர் திரும்பி பம்பாயில் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து தணிக்கை நிறுவனம் நடத்தினார். கோட்டு, சூட்டு, மரியாதை, வருமானம். இன்றைய கணக்கில் பார்த்தால் ‘செட்டில்’ ஆன வாழ்க்கை.

அமெரிக்காவில் விழுந்த அடி

1927-ல் அமெரிக்கா போனார். சும்மா இருக்க மனசில்லாமல் சைரகியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்து, 1928-ல் பட்டம் வாங்கினார். அடுத்து கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே பொது நிதித் துறையில் பெரிய பெயரெடுத்திருந்த பேராசிரியர் செலிக்மேனிடம் மாணவரானார்.

அங்கிருந்த ஒரு தேவாலயத்தில் இந்தியாவின் வறுமை பற்றிப் பேசினார் குமரப்பா. அந்தப் பேச்சுச் செய்தி செலிக்மேன் கண்ணில் பட, அதையே ஆய்வுத் தலைப்பாக்கச் சொன்னார். ஆய்வில் இறங்கியபோதுதான் தணிக்கையாளரின் கண்ணுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று பட்டது. பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் வரியாக வாங்கும் பணம் எங்கே போகிறது? ராணுவத்துக்கும் நிர்வாகத்துக்கும் கடனுக்கும் எவ்வளவு, மக்களின் படிப்புக்கும் சுகாதாரத்துக்கும் எவ்வளவு? வரவு ஏழை கையிலிருந்து, செலவு வேறு யாருக்காகவோ என்றது அந்தக் கணக்கு.

ஆங்கிலேய ஆட்சியை மெச்சி வளர்ந்த ஒருவரை மேடைப் பேச்சு மாற்றவில்லை, பிரசங்கமும் மாற்றவில்லை. வரவு செலவுக் கணக்கு மாற்றியது.

சபர்மதியில் ஒரு மதியம்

ஊர் திரும்பியதும் அந்த ஆய்வை அச்சிட நினைத்தார். காந்திக்குக் காட்டலாமே என்று நண்பர்கள் சொல்ல, 1929 மே 9-ம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். மரத்தடியில் சாணி மெழுகிய தரையில் ஒரு வயசானவர் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட குமரப்பா அதை வேடிக்கை பார்த்தபடி நின்றார். அவர்தான் காந்தி என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், மடிப்புக் கலையாத கால்சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

ஆய்வைத் தம் ‘யங் இந்தியா’ இதழில் தொடராக வெளியிட காந்தி ஒப்புக்கொண்டார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாத்தர் தாலுகா கிராமங்களின் பொருளாதார நிலையை ஆய்வு செய்ய வேண்டும். குமரப்பாவுக்கு குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீட மாணவர்களின் துணையோடு ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தார்.

அந்த நாட்களில்தான் கோட்டு போய் கதர் வந்தது. கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டுவிட்டு, முன்னோர் பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார். மதத்தை அவர் விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய உடையும் பெயரும் கழன்ற பிறகும் கிறிஸ்தவம் அப்படியே இருந்தது. கிறிஸ்துவைப் பின்பற்ற வெள்ளைக்காரர் மாதிரி வாழ வேண்டியதில்லை என்பது அவர் கண்ட முதல் தெளிவு.

சபையோடு மோதல்

1930-ல் உப்புச் சத்தியாகிரகம். கையில் ஆயுதம் இல்லாதவர்கள் மண்டை உடையும் அளவுக்குத் தடியடி வாங்கினார்கள். சமாதானத்தின் கடவுளை வணங்குவதாகச் சொல்லும் கிறிஸ்தவர்களும் மிஷனரிகளும் இந்த நேரத்தில் யார் பக்கம் நிற்கப் போகிறார்கள் என்று வெளிப்படையாக வேண்டுகோள் வைத்தார் குமரப்பா.

பதில் மேலிடத்திலிருந்தே வந்தது. இந்தியாவின் ஆங்கிலிக்கன் திருச்சபைக்குத் தலைமை வகித்த கல்கத்தா பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட், சட்டமறுப்பு இயக்கம் கிறிஸ்துவின் போதனைக்கு ஒத்துவராது என்ற நிலையில் இருந்தார். குமரப்பா பணிந்துபோகவில்லை. பேராயருக்குக் கடிதம் எழுதி வாதாடினார். அநியாயத்தை எதிர்ப்பதும், அதற்கான அடியைத் தானே வாங்கிக்கொள்வதும் சுவிசேஷத்துக்கு விரோதம் இல்லை. சாம்ராஜ்யத்தின் நிழலில் சபை ஒதுங்கி நிற்பதுதான் பிரச்சினை என்பது அவர் கட்சி.

ஒரு விசுவாசிக்கு இது சின்ன விஷயம் இல்லை. நாட்டுக்காகப் போராடுகிறவர்கள் நடுவில் அவர் சிறுபான்மை. சொந்தச் சபையின் பெரியவர்கள் பார்வையில் அவர் எல்லை மீறியவர். ரெண்டு பக்கமும் தனியாக நிற்க வேண்டிய நிலை. காந்தி சிறையில் இருந்தபோது ‘யங் இந்தியா’வில் எழுதி, அதை நடத்தும் பொறுப்பையும் ஏற்ற குமரப்பாவும் சிறைக்குப் போனார். அது கடைசிச் சிறையும் இல்லை.

மூணு அணா கணக்கு

1934 ஜனவரி 15-ம் தேதி பீகாரைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. ராஜேந்திர பிரசாத் தலைமையிலான நிவாரணக் குழுவுக்கு நாடு முழுவதும் இருந்து பணம் வந்து குவிந்தது. அந்தப் பணத்துக்குக் கணக்குப் பார்க்க வந்தவர் குமரப்பா.

தொண்டர் ஒருவருக்கு ஒரு நாள் செலவுக்கு 3 அணா என்று வரம்பு வைத்தார். 16 அணா சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். இந்த நேரத்தில் காந்தியும் அவர் குழுவினரும் பீகார் வந்தார்கள். அவர்களுடைய சாப்பாடு, வண்டிச் செலவு எல்லாம் அந்த வரம்புக்குள் அடங்காது. நிவாரண நிதியிலிருந்து அதற்குத் தர முடியாது என்று குமரப்பா கைவிரித்துவிட்டார். விஷயம் காந்தியிடமே போனது. துயரப்பட்டவர்களுக்காக மக்கள் கொடுத்த பணம் இது, வேறு எதற்கும் எடுக்க முடியாது என்ற விளக்கத்தைக் கேட்டு காந்தியும் ஏற்றுக்கொண்டார்.

மகாத்மாவாக இருந்தாலும் கணக்குன்னா கணக்குதான். குமரப்பாவின் கிறிஸ்தவத்தைத் தேட வேண்டிய இடம் இதுதான். அந்தக் குழுவில் அவர் பைபிள் வசனம் சொல்லி யாரையும் திருத்தவில்லை. அடுத்தவர் பணத்தைத் தொடும்போது கை நடுங்க வேண்டும் என்ற பயம் அவரிடம் இருந்தது. அந்தப் பயத்தை எந்த மதத்துக்காரரும், மதம் இல்லாதவரும் பார்த்துப் புரிந்துகொள்ள முடிந்தது.

சிறையில் எழுதிய ரெண்டு புத்தகங்கள்

1934 கடைசியில் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் தொடங்கியது. வார்தாவில் மகன்வாடி அதன் தலைமையிடம், குமரப்பா செயலாளர். எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, கையால் செய்யும் காகிதம், தேனீ வளர்ப்பு என்று ஒவ்வொரு தொழிலையும் ஆராய்ந்து மேம்படுத்தும் வேலை அங்கே நடந்தது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எளிமையான ஆசிரம வாழ்க்கை.

1940-களில் ஜபல்பூர் சிறையில் இருந்தபோது ரெண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் போதனையும் வாழ்க்கையும் பற்றியது. இன்னொன்று ‘நிலைத்த பொருளாதாரம்’ என்று சொல்லத்தக்க பொருளாதார நூல். ரெண்டுக்கும் முன்னுரை எழுதியவர் காந்தி. ஒரே சிறையில், ஒரே கையால் பக்தி நூலும் பொருளாதார நூலும் எழுதப்பட்டது தற்செயல் இல்லை. அவருக்கு ரெண்டும் ஒரே பாடம்.

எப்படின்னா, இயற்கையில் உயிர்கள் பிழைக்கும் விதங்களை அவர் படி படியாகப் பிரித்தார். இன்னொன்றை அழித்துப் பிழைப்பது அடிமட்டம். உழைக்காமல் தோப்புக்குள் புகுந்து தின்றுவிட்டுப் போகும் குரங்கு அடுத்த படி. உழைத்துச் சாப்பிடுவது அதற்கு மேல். தேனீக்கள் போலக் கூட்டத்துக்காக உழைப்பது இன்னும் மேல். உச்சத்தில், பலன் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய். சிலுவையை நம்புகிறவருக்கு அந்தக் கடைசிப் படி எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அதைப் புரிந்துகொள்ள யாரும் கிறிஸ்தவராக வேண்டியதில்லை. அதானே அவர் எழுத்தின் பலம்?

இன்னொரு பிரிவினையும் செய்தார். நிலக்கரி, எண்ணெய் போல எடுக்க எடுக்கத் தீரும் வளத்தை நம்பிய வாழ்க்கை ஒன்று. மழை, வெயில், மரம் போலத் திரும்பத் திரும்பக் கிடைப்பதை நம்பிய வாழ்க்கை இன்னொன்று. தீரும் வளத்துக்காகத்தான் நாடுகள் சண்டை போடும் என்றார். ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கிய செங்கல்பட்டில், ஆழ்துளைக் கிணறு வற்றி டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும் அடுக்குமாடிவாசிகளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். மழைக்கு நிரம்பும் ஏரி ஒரு வகை. ஆயிரம் அடிக்குக் கீழே உறிஞ்சும் தண்ணீர் வேறு வகை.

சுதந்திரத்துக்குப் பிறகு

நாடு விடுதலை பெற்றதும் காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவரானார். இடைத்தரகர்களை ஒழித்து, உழுகிறவருக்கு நிலம் சேர வேண்டும் என்று 1949-ல் அந்தக் குழு பரிந்துரைத்தது. ஆனால் புதிய அரசு பெரிய ஆலை, பெரிய திட்டம் என்ற பாதையில் போனது. நேற்று வரை கூடவே சிறையில் இருந்தவர்களின் ஆட்சியையும் குமரப்பா விட்டுவைக்கவில்லை. கடுமையாக விமர்சித்தார். கறாரான பேச்சு, சட்டென்று வரும் கோபம் என்று அவரோடு வேலை செய்வது எளிதாகவும் இருக்கவில்லை. கிராமத் தொழிலை வைத்து இவ்வளவு பெரிய நாட்டின் தேவையைத் தீர்க்க முடியாது என்ற எதிர்வாதத்துக்கும் அன்றே ஆதரவு அதிகம். கடைசியில் டெல்லி அவர் சொன்ன வழியில் போகவில்லை.

ரத்த அழுத்தம் வாட்ட, மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வந்து தங்கினார். 1960 ஜனவரி 30-ம் தேதி, காந்தி சுடப்பட்ட அதே நாளில், 68 வயதில் காலமானார்.

அரசியல் சட்ட முகவுரையில் ‘மதச்சார்பற்ற’ என்ற சொல் சேர்ந்தது 1976-ல். குமரப்பா அதற்கு 16 வருஷம் முன்பே போய்விட்டார். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு விசுவாசி எப்படி வாழலாம் என்பதை அவர் வாழ்ந்து காட்டியிருந்தார். நம்பிக்கையை ஒளிக்கவில்லை, இயேசுவைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அதைக் காட்டிச் சலுகையும் கேட்கவில்லை. பேராயர், மகாத்மா, பிரதமர் என்று எதிரில் யார் இருந்தாலும் கணக்கை மாற்றவில்லை. அதற்கான விலையையும் கொடுத்தார்: வருமானம், சபையின் அரவணைப்பு, கடைசியில் அரசியல் செல்வாக்கு.

ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறுகிறவர் சிறைக்குப் போக வேண்டியதில்லை. போகாத டாக்ஸிக்குப் பில் வைக்கிறோமா, கீழே வேலை செய்பவரின் உழைப்பைத் தன் பெயரில் காட்டுகிறோமா, சொந்த வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எந்த ஊர் விவசாயி கிணற்றிலிருந்து வருகிறது என்று கேட்கிறோமா? குமரப்பா இருந்தால், ஒருவருடைய ஜெபத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைத்தான் கேட்டிருப்பார்.