பெயர் முறை கண்ட ஹாப்மன்

ஜெர்மனி நாட்டில் கீஸன் என்னும் நகரில், கட்டடக் கலைஞர் ஒருவரின் மைந்தராக ஆகஸ்ட் வில்ஹெம் ஹாப்மன் 1818ஆம் ஆண்டில் பிறந்தார். அவர் முதலில் பயின்றவை சட்டமும் மொழிநூலும் ஆகும். பின்னரே, அந்நகரில் பேராசிரியராய் விளங்கிய லீபிக்கின் மாணாக்கராகி வேதியியலில் ஈடுபட்டார்.

அக்காலத்தில் கரிமச் சேர்மங்களுக்குப் பெயரிட ஒரு நெறி இல்லை. எறும்பிலிருந்து பெற்ற அமிலம் எறும்பின் பெயரையும், வெண்ணெயிலிருந்து பெற்றது வெண்ணெயின் பெயரையும் தாங்கின. அவுரிச் சாயத்தை வடித்து ஒருவர் பெற்ற எண்ணெய் கிரிஸ்டலின் எனப்பட்டது. நிலக்கரித் தாரிலிருந்து வேறொருவர் பிரித்தது கயனால் எனப்பட்டது. அனிலின், பென்சிடாம் என மேலும் இரு பெயர்கள் எழுந்தன. நான்கு பெயர்களும் ஒரே பொருளைக் குறிப்பன என்று 1843ஆம் ஆண்டில் ஹாப்மன் நிறுவினார். அவற்றுள் நிலைத்தது அனிலின் என்பதே. நீலம் என்னும் வடசொல் அரபியர் வாய்ப்பட்டுப் போர்த்துக்கேசிய மொழியில் அனில் எனத் திரிந்தது. அதிலிருந்து பிறந்ததே இப்பெயர்.

1845 முதல் இருபதாண்டுகள் அவர் இலண்டனில் ஆசிரியராய் இருந்தார். ஊதாச் சாயம் கண்ட பெர்க்கின் அவருடைய மாணாக்கரே. அம்மோனியாவில் நைட்ரஜன் அணு ஒன்றும் ஹைட்ரஜன் அணுக்கள் மூன்றும் உள்ளன. அம்மூன்றில் ஒன்றையோ, இரண்டையோ, மூன்றையுமோ நீக்கி, அவ்விடத்தில் கார்பன் தொகுதிகளை அமைக்கலாம் என அவர் காட்டினார். இவ்வாறு பிறந்த அமீன்கள் எவ்வளவு வேறுபடினும், அமிலத்தோடு கூடி உப்பாகும் இயல்பை இழப்பதில்லை. அவ்வியல்புக்குக் காரணம் நைட்ரஜன் அமைந்த அப்பகுதியே. இத்தகைய பகுதியையே இன்று வினைத்தொகுதி என்கிறோம்.

1866ஆம் ஆண்டில் அவர் ஒரு பெயர் முறையை வகுத்தார். சொல்லின் முற்பகுதி கார்பன் அணுக்களின் எண்ணிக்கையை உணர்த்தும். ஈற்றிலுள்ள உயிரெழுத்து, ஹைட்ரஜன் குறையுந்தோறும் உரோமானிய நெடுங்கணக்கின் வரிசைப்படி மாறும். பகுதியும் விகுதியும் அறிந்த நமக்கு இது புதிதன்று! மொழிநூல் பயின்றவருக்கு இவ்வழி தோன்றியதில் வியப்பும் இல்லை. ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் என்னும் பெயர்கள் இவ்வாறு வந்தவையே. நான்கு கார்பன் உடையதற்கு அவர் இட்ட குவார்ட்டேன் என்னும் எண்ணுப் பெயரை உலகம் ஏலாது, வெண்ணெய்வழி வந்த பியூட்டேன் என்பதையே போற்றிக்கொண்டது.

1892 ஏப்ரலில் பல நாட்டு வேதியியலார் ஜெனீவாவில் கூடினர். மிக நீண்ட கார்பன் தொடரைப் பகுதியாகவும், வினைத்தொகுதியின் குறியை விகுதியாகவும் கொள்ள முடிவு செய்தனர். ஹைட்ராக்சில் தொகுதிக்கு ஆல் என்பது விகுதி. ஆதலால் மதுவின் சாரம் எத்தனால் ஆயிற்று. அடுத்த மாதம் 5ஆம் நாள் ஹாப்மன் பெர்லினில் காலமானார்.